விருந்தும் உறைவும்: திருப்பதி நகரமைப்பை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நகரம் என்பது யாருக்கு உரியது என்னும் வினா நகரப் புவியியலாரும் நகரமைப்பு அறிஞரும் தொடர்ந்து எழுப்பிவரும் வினாவாகும். நிலவுடைமை, வரி, வாக்குரிமை ஆகியவற்றைக் கொண்டு இவ்வினாவுக்குச் சட்டம் விடை கூறிவிடுகிறது. ஆயினும், உறைவோரைக் காட்டிலும் வந்து செல்வோரே பன்மடங்கு மிகுந்திருக்கும் ஒரு நகரத்தில் அவ்விடை போதுமானதாக இல்லை. திருப்பதி அத்தகைய நகரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2.87 இலட்சம், மலைமீது வழிபட வருவோரோ ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்டோர். வருவோரின் பொருட்டே ஒரு நகரம் நிலைபெற்றிருக்குமாயின், அங்கு உறைவோர்க்கு உள்ள உரிமை யாது? வருவோர்க்காக உறைவோரை இடம்பெயர்த்தல் அறமாகுமா? இவ்வினாக்களைத் தமிழ் மரபின் 'விருந்து' என்னும் கருத்தாக்கத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் நகரும்

சங்க இலக்கியத்தில் 'நகர்' என்னும் சொல் இல்லம், அரண்மனை, கோயில், பேரூர் ஆகிய பொருள்களில் ஆளப்பட்டுள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' வணிகர் அவையைக் குறித்தது. 'ஊர்' என்பது வேளாண் குடியிருப்பையும் அதன் அவையையும் ஒருங்கே குறித்தது. இடத்தையும் அவ்விடத்தைப் பற்றி முடிவெடுக்கும் மக்களையும் ஒரே சொல்லால் சுட்டிய இவ்வழக்கு கருதத்தக்கது. ஊரார் முடிவெடுக்கும் இடமே ஊர் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

மேலைப் புவியியலில் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் வெளியிட்ட மைய இடக் கோட்பாடு, நகரத்தை அதன் சுற்றுப்புறத்துக்குப் பணியாற்றும் மையமாகக் கண்டது. சிதம்பரமோ சித்தூரோ எதுவாயினும், சந்தை, நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றை நாடிச் சுற்றுவட்டார மக்கள் வரும் இடமே நகரம் என்பது அதன் சாரம். சான்சி ஹாரிசும் எட்வர்டு உல்மனும் 1945இல் இதனை விரித்து, நகரங்களை மைய இட நகரம், போக்குவரத்து நகரம், சிறப்புப்பணி நகரம் என மூவகைப்படுத்தினர்.

இவ்வகைப்பாட்டின் இரு முனைகளையும் ஒரே நிலப்பகுதியில் காண இயல்கிறது. நீவா ஆற்றங்கரையில் அமைந்த சித்தூர் 1911இல் உருவான மாவட்டத்தின் தலைநகராயிற்று. வெல்லம், மாங்கனி ஆகியவற்றின் வணிகமும் ஆட்சி அலுவலகங்களும் அதன் ஆதாரம். அது மைய இட நகரம். அங்கு வருவோர் பெரும்பாலும் அண்டையூரார். ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பதியோ சிறப்புப்பணி நகரம். அங்கு வருவோர் நாடெங்கிலுமிருந்து வருவோர். சித்தூரில் வருவோர்க்கும் உறைவோர்க்கும் இடையே உறவு முன்னரே உள்ளது. சந்தைக்கு வந்தவர் அடுத்த வாரமும் வருவார். திருப்பதிக்கு வருபவர் மறுநாள் சென்றுவிடுவார். ஆகவே அவருக்கும் நகரத்துக்கும் இடையிலான கடமை, பழக்கத்தால் அமையாது, அறத்தால் அமையவேண்டியதாகிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகி ஆட்சித் தலைநகரும் ஆனபின்னர் இவ்விரு பணிகளும் ஒரே நகரத்தில் கூடியுள்ளன.

திருப்பதியின் உருவாக்கம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வேங்கடத்துத் திருமாலைக் குறித்துப் பேசுகிறான். அவன் வழிச்செல்பவன் என்பது நோக்கத்தக்கது. வேங்கடம் இலக்கியத்தில் தோன்றும்போதே பயணியின் நினைவாகத் தோன்றுகிறது.

மலையின்கீழ் பழைய குடியிருப்பாக விளங்கியது திருச்சானூர். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் 'திருச்சுகனூர்' எனப்படும் இவ்வூரின் சபையார் மலைக்கோயிலுக்கு விடப்பட்ட அறக்கொடைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றிருந்தனர். அதாவது, தொலைவிலிருந்து வந்தவர் அளித்த கொடை, அங்கு உறைந்தவர் கையில் அறங்காவலாக ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 12ஆம் நூற்றாண்டில் இராமாநுசர் மலையடிவாரத்தில் கோவிந்தராசர் கோயிலை நிறுவினார் என்றும், அதனைச் சுற்றி எழுந்த குடியிருப்பே இன்றைய திருப்பதி என்றும் மரபு கூறும். கோயிலை நடுவாகக் கொண்டு மாட வீதிகளும், அவற்றில் கைங்கரியம் செய்வோரின் இல்லங்களும் அமையும் இம்முறை தென்னிந்தியக் கோயில் நகரங்களுக்குப் பொதுவானது. இங்கு உறைவு என்பதே பணியின் மறுபெயர்.

1843 முதல் அத்திராம்சி மடத்து மகந்துகளின் ஆட்சியில் இருந்த கோயில், 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தேவஸ்தானக் குழுவின்கீழ் வந்தது. 1886இல் நகராட்சி அமைந்தது. 1981இல் நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் தோன்றியது. 2007இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆயின் மாநகராட்சி மன்றத்துக்கான முதல் தேர்தல் 2021இல்தான் நடைபெற்றது. மலைமீதுள்ள திருமலையிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம் இல்லை. குடிமைப் பணிகளையும் தேவஸ்தானமே ஆற்றுகிறது. திருச்சுகனூர்ச் சபையார் பெற்றிருந்த இடத்தை இன்றைய உறைவோர் பெற்றிருக்கவில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் செய்தியாகும்.

மாட வீதியும் இடப்பெயர்ச்சியும்

இவ்வினா மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் திருமலையின் மாட வீதிகள். அங்கும் சன்னதித் தெருவிலும் தலைமுறைகளாக வீடுகளும் கடைகளும் இருந்தன. பெருந்திட்டம் ஒன்றின்படி வீதிகளை அகலப்படுத்த அவை அகற்றப்பட்டன. உறைந்தவர்களுள் பலர் திருமலையிலேயே பாலாஜி நகர் என்னும் புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். வேறு சிலர் மலையைவிட்டு இறங்கினர். கோயிலின் முன்பிருந்த, 15ஆம் நூற்றாண்டில் சாளுவர் காலத்தில் எழுந்த ஆயிரக்கால் மண்டபமும் 2003இல் இடிக்கப்பட்டது.

இச்செயலுக்குரிய நியாயத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. பல்லாயிரவர் ஒரே நாளில் கூடும் குறுகிய வீதி உயிருக்கு ஊறு விளைவிப்பது. பிரம்மோற்சவக் காலத்தில் நான்கு மாட வீதிகளிலும் இன்று அச்சமின்றி மக்கள் அமர்ந்து வாகன சேவையைக் காண முடிகிறது. சில நூறு குடும்பங்களின் வசதியினும் கோடிக்கணக்கானோரின் பாதுகாப்பு பெரிது என்பது பயன்வழி அறத்தின் வாதம்.

எனினும் இவ்வாதம் ஒரு கணக்கை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. வருவோர் எப்போதும் மிகுதி. உறைவோர் எப்போதும் குறைவு. எண்ணிக்கையே அளவுகோலாயின், எந்த வழக்கிலும் உறைவோர் வெல்ல இயலாது. வெல்லவே இயலாத ஒருவரை உரிமையுடையவர் என அழைப்பதில் பொருளில்லை. 1914இல் இந்தியா வந்து சென்னை மாகாணத்து நகரங்களை நேரிற் கண்டு அறிக்கைகள் வரைந்த பேட்ரிக் கெடிசு, நெருக்கமான தெருக்களைச் சீர்ப்படுத்தும்போது இன்றியமையாத வீடுகளை மட்டும் அகற்றி ஏனையவற்றைக் காக்கும் முறையை வற்புறுத்தினார். அறுவை மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்குவது போன்றது அம்முறை. எத்தனை வீடுகளை அகற்றலாம் என்பதன்று அவர் கேட்ட கேள்வி. எத்தனை வீடுகளைக் காக்கலாம் என்பதே. இவ்விரு கேள்விகளும் ஒரே விடையைத் தருவனவல்ல.

விருந்து என்னும் கருத்தாக்கம்

'விருந்து' என்பதற்குப் புதுமை என்பது அடிப்படைப் பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாகப் புனையப்படும் யாப்பை அச்சொல்லால் சுட்டும். புதியராய் வருபவரே விருந்தினர். திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில் வைக்கிறது. இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகிய நான்கு அதிகாரங்களின் பின்னரே விருந்தோம்பல் வருகிறது. இவ்வைப்புமுறை ஒரு வாதமாகவே அமைந்துள்ளது. முதலில் இல் வேண்டும். இல்லில் வாழ்க்கை வேண்டும். அவ்வாழ்க்கையில் அன்பு வேண்டும். அதன் பின்னரே புதியவரை ஏற்றல் இயலும். இல்லாதவர் விருந்தோம்ப இயலாது. வீடுகளை நீக்கி எழுப்பப்படும் தங்கும் விடுதி வசதி அளிக்கலாம், விருந்தோம்பல் அளிக்காது.

இதன் மறுதலையும் தமிழ் மரபில் உண்டு. மணிமேகலை கூறும் ஆபுத்திரன் வரலாற்றில், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையிலிருந்தும் நாடு வளம்பெற்றதால் உண்பார் இன்றி அவன் வருந்துகிறான். பசித்தோரைத் தேடிக் கடல் கடக்க முற்பட்டு, ஆளற்ற மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, உயிர் துறக்கிறான். விருந்தினர் இல்லையேல் விருந்தோம்புபவனும் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. எனவே, உறைவோர்க்கே முழு உரிமை எனக் கூறி வருவோரைச் சுமையெனக் கருதுவதும் பிழையாகும். திருப்பதியில் உறைவோரின் வாழ்வும் வருவோரால் அமைந்ததே.

மேலை மெய்யியலில் இமானுவேல் காண்ட் 1795இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய கட்டுரையில், வருகையுரிமையை உறைவுரிமையினின்று பிரித்தார். புவி அனைவர்க்கும் பொது என்பதால் எவரும் எங்கும் பகைமையின்றி வரவேற்கப்படுதற்கு உரியர். ஆயின் அவ்வுரிமை அங்கிருப்பாரின் இடத்தைக் கொள்ளும் உரிமையாகாது. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி லெபெவர் 1968இல் முன்வைத்த 'நகரத்துக்கான உரிமை' என்னும் கருத்தோ, நகரத்தை அன்றாடம் வாழ்ந்து உருவாக்குவோர் அதன் வடிவத்தை முடிவு செய்வதில் பங்குபெறுதல் வேண்டும் என்றது. காண்டின் கருத்து வருவோர்க்கு எல்லை வகுக்கிறது. லெபெவரின் கருத்து உறைவோர்க்குப் பங்கு வகுக்கிறது. குறளின் வைப்புமுறை இவ்விரண்டையும் இணைக்கிறது: உறைவு விருந்துக்கு அடிப்படை, விருந்து உறைவுக்கு நோக்கம்.

ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு வலிமையான தடை எழும். திருப்பதியில் இல்லத்தலைவன் இறைவனே. கோயில் அவன் இல்லம். உறைவோரும் வருவோரும் ஒருசேர அவனுக்கு விருந்தினரே. தெய்வத்திருமேனியை உரிமை தாங்கும் சட்ட ஆளாக ஏற்கும் இந்தியச் சட்டமும் இதற்கு ஒருவகையில் துணைநிற்கிறது. அவ்வாறாயின் உறைவோர்க்குத் தனியுரிமை ஏது?

இத்தடைக்குக் கல்வெட்டுகளே விடை தருகின்றன. திருமலை, திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளுள் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. விசயநகர காலக் கல்வெட்டுகள், படைக்கப்பட்ட அமுதில் கொடையாளிக்கு உரிய பங்கை 'விட்டவன் விழுக்காடு' எனக் குறிக்கின்றன. எஞ்சியதில் தானத்தாரும் கோயிற்பணி செய்வோரும் பங்கு பெற்றனர். இறைவன் இல்லத்தலைவனாயினும், அவன் இல்லத்தில் வந்தவர்க்கும் இருப்பவர்க்கும் உரிய பங்கு வரையறுத்து எழுதப்பட்டது. உடைமை இறைவனுடையது என்பதால் பங்கு இல்லாமற் போகவில்லை. மாறாக, அப்பங்கு கல்லில் வெட்டத்தக்க உறுதி பெற்றது.

உறைவோர் என்போர் யாவர் என்பதும் இதனால் தெளிவாகிறது. வீட்டுப்பத்திரம் உடையவர் மட்டும் உறைவோர் அல்லர். மடைப்பள்ளியில் சமைப்போர், முடி இறக்குவோர், பூத்தொடுப்போர், தெருக் கூட்டுவோர், விடுதிகளில் வேலை செய்வோர் ஆகிய அனைவரும் உறைவோரே. வாடகைக்கு இருப்பவர் என்பதாலோ நேற்று வந்தவர் என்பதாலோ இவர்தம் உரிமை குறைவதன்று. விருந்தோம்பும் உழைப்பே உறைவுக்கு இலக்கணம். உறைவோர் உரிமையைப் பிறப்புரிமையாகக் கொண்டால் அது புதியவரை விலக்கும் கருவியாகிவிடும். உழைப்புரிமையாகக் கொண்டால் அது விருந்துக்கு அரணாகும்.

ஏரியும் இனி வருவோரும்

விருந்தினருள் இன்னும் பிறவாதவரும் உளர். இவ்வுண்மையை உணர்த்துவன திருப்பதியின் ஏரிகள். விசயநகர காலத்தில் கோயிலுக்கு அளிக்கப்பட்ட பணம் கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் ஆகியவற்றை வெட்டப் பயன்பட்டதையும், அதனால் பெருகிய விளைச்சலிலிருந்தே கொடையாளி விரும்பிய அமுதுபடி நடைபெற்றதையும் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். வருவோர் தந்த பொருள் உறைவோரின் நிலத்தில் நீராகத் தேங்கி, நெல்லாக விளைந்து, மீண்டும் வருவோர்க்கு அமுதாயிற்று. விருந்துக்கும் உறைவுக்கும் இடையே ஏரி நின்றது.

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சுழற்சி அறுபட்டது. திருப்பதியையொட்டிய அவிலாலா, பேரூர் ஆகிய ஏரிகளின் நிலப்பகுதிகளைக் குடியிருப்புகளுக்காக ஒதுக்க 1990களில் அரசு ஆணையிட்டது. உள்ளூர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அன்று, அறங்காவலரே என்னும் பொது அறக்காப்புக் கோட்பாட்டையும், வருந்தலைமுறையின் உரிமையையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. பேரூர் ஏரியில் மேலும் கட்டடம் எழுப்புதலைத் தடுத்தது. எழுந்துவிட்ட வீடுகளில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது.

இவ்வழக்கின் அறச்சிக்கல் ஆழமானது. ஏரியில் எழுந்தவை வீடுகள், உறைவோரின் தேவைக்கானவை. வருவோர்க்காக உறைவோரை அகற்றியது மாட வீதியின் கதையெனின், இன்று உறைவோர்க்காக நாளை உறைவோரின் நீரைக் கொண்டது ஏரியின் கதை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின; சொர்ணமுகி கரைபுரண்டது; இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு அண்டையூரார் வெளியேற்றப்பட்டனர். மழையின் மிகுதியே அதற்கு முதற்காரணம் என்பது உண்மை. எனினும் நீருக்கு உரிய இடத்தைக் குறைத்தபின் நீர் எங்குச் செல்லும் என்னும் வினாவிலிருந்து நகரமைப்பு தப்ப இயலாது.

பிரிக்கும் பாலம், கூட்டும் வாயில்

அண்மைக்காலத் திட்டங்கள் வருவோரையும் உறைவோரையும் பிரிப்பதில் தீர்வு காண முயல்கின்றன. 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 7 கி.மீ. நீளமுள்ள மேம்பாலம், மலைக்குச் செல்லும் ஊர்திகளை நகரத் தெருக்களின் மேலாக அலிபிரி நோக்கிக் கொண்டுசெல்கிறது. நெரிசல் குறைந்தது நன்மையே. ஆனால் பாலத்தில் செல்பவர் நகரத்தைக் காண்பதில்லை. நகரத்தார் அவரைக் காண்பதில்லை. விருந்தினர் முற்றத்தில் கால் வைக்காமலே செல்லும் வீடு போல நகரம் ஆகிறது.

பிரித்துவிட்டதாக எண்ணியது பிரியவில்லை என்பதை 2025 சனவரி 8ஆம் நாள் காட்டியது. வைகுண்ட ஏகாதசித் தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதி நகரில் திரண்ட கூட்ட நெரிசலில் அறுவர் உயிரிழந்தனர். அந்நெரிசல் நேர்ந்தது மலையிலன்று. பைராகிப்பட்டெட என்னும் நகரக் குடியிருப்புப் பகுதியில். மலைமீதுள்ள நெருக்கத்தைக் குறைப்பதற்காக வரிசையைக் கீழிறக்கினால், காக்கும் பொறுப்பும் வரிசையுடன் சேர்ந்தே கீழிறங்குதல் வேண்டும். தெருவின் அகலத்தையும் மனிதர் திரளும் இயல்பையும் அன்றாடம் அறிந்தவர் அங்கு உறைவோரே. அவர்தம் அறிவுக்குத் திட்டத்தில் இடம் உண்டா என்பது வருவோரின் உயிரைக் காக்கும் வினாவும் ஆகும்.

இதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 நவம்பரில், திருப்பதியில் உறைவோர்க்குத் திங்கள்தோறும் முதற் செவ்வாய்க்கிழமை தரிசனம் அளிக்கத் தேவஸ்தானம் முடிவெடுத்தது. திருமலை பாலாஜி நகரிலுள்ளோர்க்கும் தனியே சீட்டு வழங்கப்பட்டது. இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயின் இடம்பெயர்க்கப்பட்டோர் உள்ளிட்ட உறைவோர்க்கு ஒரு பங்கு உண்டு என வெளிப்படையாக ஏற்றமையால் அது பழைய கல்வெட்டு மரபின் தொடர்ச்சியாகவே கொள்ளத்தக்கது. அப்பங்கு தரிசனத்தோடு நின்றுவிடாமல், திட்டமிடும் அவையிலும் இடம்பெறுதல் வேண்டும் என்பதே எஞ்சிய கோரிக்கை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வருவோர் உரிமையையும் உறைவோர் உரிமையையும் எண்ணிக்கையால் ஒப்பிடுதல் முறையன்று. அவை வெவ்வேறு வகையின. வருவோர்க்கு உரியது காக்கப்படும் உரிமை. உறைவோர்க்கு உரியது முடிவில் பங்குபெறும் உரிமை. பாதுகாப்பின் பொருட்டு ஒரு வீடு அகற்றப்பட நேரலாம். அவ்வீட்டாரின் குரலைக் கேளாமல் அகற்றப்படல் ஆகாது. இரண்டாவது, உறைவோர் என்னும் தகுதி உடைமையாலன்றி விருந்தோம்பும் உழைப்பால் அமைவது. மூன்றாவது, வருவோரும் உறைவோரும் தமக்குள் எத்தகைய உடன்பாடு கண்டாலும், இனி வருந்தலைமுறைக்கு உரிய நீரையும் நிலத்தையும் அவ்வுடன்பாட்டின் விலையாக்குதல் தகாது.

சித்தூர் போன்ற மைய இட நகரங்களில் இவ்வினா மறைந்து கிடக்கிறது. திருப்பதியில் வெளிப்பட்டு நிற்கிறது. பழனி, இராமேசுவரம், திருவண்ணாமலை ஆகிய நகரங்களும் இதே வினாவை எதிர்நோக்கியுள்ளன. விருந்தோம்பலை இல்லறத்தில் வைத்த மரபு, இல்லத்தை இழந்தபின் அவ்வறத்தை எங்கு வைப்பது என்பதை இந்நகரங்களின் திட்டங்களை வகுப்போர் முன் வினாவாக வைக்கிறது.